யாரும் சீண்டாத மருந்துகள்: ஆபி மையர்ஸின் முப்பது ஆண்டுகள்

பிப்ரவரி மாதத்தின் கடைசி நாள் உலக அரிய நோய் நாள். 2008-ல் ஐரோப்பாவில் தொடங்கிய வழக்கம் இது. அந்த ஆண்டு பிப்ரவரிக்கு 29 நாள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அரிய தேதி, அரிய நோய்களுக்குப் பொருத்தம் என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நாளையொட்டி இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தில், நோயாளிகளுக்காக அரசாங்கத்திடம் பேசுவதையே வாழ்க்கைப் பணியாக்கிக்கொண்ட ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

ஏன் இந்த விஷயம் என்று கேட்பீர்கள். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றி வருகிறது. தண்டுவடத் தசைச் சிதைவு நோய் உள்ள கைக்குழந்தை, ஒரே ஒரு ஊசி, விலை 16 கோடி ரூபாய், இரண்டு வயதுக்குள் போட வேண்டும், உதவுங்கள் என்று. நாமும் 500, 1,000 என்று முடிந்ததை அனுப்புகிறோம். அனுப்பிவிட்டு, ‘ஒரு ஊசி எப்படி ஐயா 16 கோடி ஆகும்?’ என்று லிஃப்ட்டில் பேசிக்கொள்கிறோம். அந்தக் கேள்விக்கு ஆராய்ச்சிச் செலவு, நோயாளிகளின் குறைந்த எண்ணிக்கை என்று பல காரணங்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊசி ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு நிறுவனம் ஏன் முன்வந்தது என்பதற்கு மட்டும் ஒரு தெளிவான வரலாறு இருக்கிறது. அது 1983 ஜனவரியில் அமெரிக்காவில் கையெழுத்தான ஒரு சட்டத்தில் தொடங்குகிறது. அந்தச் சட்டத்துக்காக அலைந்தவர்களில் முக்கியமானவர் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஆபி மையர்ஸ் என்ற இல்லத்தரசி.

நல்ல சட்டம் கொண்டுவந்த சிக்கல்

கதையை 1962-லிருந்து சொல்ல வேண்டும். 1957 முதல் மேற்கு ஜெர்மனியில் விற்பனையான தாலிடோமைடு என்ற மாத்திரையைக் கர்ப்பிணிப் பெண்கள் மசக்கைக்குச் சாப்பிட்டார்கள். பல நாடுகளில் கைகால் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அலுவலகத்தில் இருந்த ஃபிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி, நிறுவனம் எவ்வளவு நெருக்கியும் ஆதாரம் போதாது என்று கோப்பில் கையெழுத்துப் போட மறுத்தார். அதனால் அந்த நாடு பெரும்பாலும் தப்பியது.

அந்த அதிர்ச்சியில் 1962-ல் அமெரிக்கா மருந்துச் சட்டத்தைத் திருத்தியது. ஒரு மருந்து ஆபத்தில்லாதது என்று காட்டினால் மட்டும் போதாது, அது உண்மையிலேயே நோயைக் குணப்படுத்துகிறது என்பதையும் முறையான சோதனைகளால் நிரூபிக்க வேண்டும் என்று விதி வந்தது. மிக நல்ல விதி. இன்று நாம் மாத்திரையை நம்பி விழுங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் யாரும் எதிர்பாராத ஒரு விளைவும் வந்தது. சோதனைகளுக்குப் பெரும் செலவு பிடித்தது. ரத்த அழுத்த மாத்திரை என்றால் கோடிக்கணக்கானோர் வாங்குவார்கள், செலவு திரும்பிவிடும். நாடு முழுக்கச் சில ஆயிரம் பேருக்கு மட்டும் வரும் நோய்க்கு யார் அந்தச் செலவைச் செய்வார்கள்? ஆய்வகத்தில் நம்பிக்கை தந்த மருந்துகளைக்கூட நிறுவனங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டின. இப்படிக் கைவிடப்பட்டவற்றுக்கு ‘அநாதை மருந்துகள்’ என்று பெயர் வந்தது. 1968-ல் ஹாரி ஷர்க்கி என்ற குழந்தை மருத்துவர், தங்களுக்கென்று சோதித்த மருந்தே இல்லாத குழந்தைகளைச் ‘சிகிச்சை அநாதைகள்’ என்று குறிப்பிட்டிருந்தார். அந்த ‘அநாதை’ என்ற சொல் பிறகு மருந்துகளுக்கும் ஒட்டிக்கொண்டது. 1983-க்கு முந்தைய பத்தாண்டுகளில் அரிய நோய்களுக்காக நிறுவனங்கள் தாமாகவே உருவாக்கி அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்த மருந்துகள் பத்துகூட இல்லை.

நின்றுபோன மாத்திரை

ஆபி மையர்ஸின் மூத்த மகனுக்கு டூரெட் நோய் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் ஒருவரின் பெயரில் வழங்கும் நரம்புக் கோளாறு அது. தன் கட்டுப்பாட்டில் இல்லாமல் கண் சிமிட்டும், தலை வெட்டும், தொண்டை கனைக்கும், திடீரென்று சத்தம் வரும். சிலருக்கு வசைச் சொற்களே வாயிலிருந்து வந்துவிடும். அறிவுக்குக் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் பள்ளியில் ஆசிரியரும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரும் அதைத் திமிர் என்றே நினைப்பார்கள்.

பிமோசைடு என்ற மாத்திரையின் சோதனையில் அந்தப் பையன் சேர்க்கப்பட்டான். மாத்திரை வேலை செய்தது. கொஞ்ச நாளில் அதைச் சோதித்துவந்த நிறுவனம் வேலையை நிறுத்தியது. வேறொரு பெரிய மனநோய்க்காகத்தான் அந்த மருந்தை முதலில் பார்த்துவந்தார்கள். அந்த வழி சரிப்பட்டு வரவில்லை. டூரெட் நோயாளிகளை மட்டும் நம்பி மேலே செலவு செய்ய அவர்கள் தயாராக இல்லை. மருந்து இருக்கிறது, பலன் தருகிறது, ஆனால் விற்பனைக்கு வராது. காரணம் கேட்டபோதுதான் ‘அது ஓர் அநாதை மருந்து’ என்ற சொல்லை மையர்ஸ் கேள்விப்பட்டார்.

அவர் மருத்துவரோ வழக்கறிஞரோ இல்லை. வாஷிங்டனில் அவருக்கு யாரையும் தெரியாது. டூரெட் நோயாளிகள் சங்கத்தில் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார். மற்ற நோய்களுக்கான சங்கங்களையும் தொலைபேசியில் அழைத்து, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா என்று விசாரித்தார். கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

ஒரு வீட்டுக் கசிவும் எழுபது வீட்டுக் கசிவும்

இந்த இடம் அபார்ட்மென்ட்வாசிகளுக்கு எளிதாகப் புரியும். மூன்றாம் மாடியில் ஒரு வீட்டுக் குளியலறையில் தண்ணீர் கசிகிறது. ஜெனரல் பாடி மீட்டிங்கில் அந்த வீட்டுக்காரர் எழுந்து பேசினால், ‘அது உங்கள் வீட்டுப் பிரச்சினை சார், பிளம்பரைக் கூப்பிடுங்கள்’ என்போம். அதே கசிவு எழுபது வீடுகளில் இருக்கிறது என்று ஒருவர் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து வந்து வைத்தால், அது கட்டடப் பிரச்சினை ஆகிவிடும். தீர்மானம் வரும், நிதி ஒதுக்குவோம்.

மையர்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் செய்தது இந்தக் கணக்கெடுப்பைத்தான். டூரெட் நோயாளிகள் தனியாகப் போனால் ஒரு செனட்டரும் நேரம் தர மாட்டார். ஹண்டிங்டன் நோயாளிகள் போனாலும் அப்படியே. அந்த நோய்க்கு 1967-லேயே அமைப்புத் தொடங்கியிருந்தவர் மார்ஜரி கத்ரி. புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாடகரான அவருடைய முன்னாள் கணவர் வுடி கத்ரி அந்த நோயால்தான் இறந்தார். தசை உதறல் நோய், ரத்த நோய்கள், பிறவி வளர்சிதை நோய்கள் என்று ஒவ்வொன்றும் சிறுபான்மைதான். ஆனால் எல்லாவற்றையும் கூட்டினால் கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் வருவார்கள். இன்று அரிய நோய்கள் என்று சுமார் 7,000 நோய்களைச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் மட்டும் அவற்றால் பாதிக்கப்பட்டவர்கள் 2.5 கோடி முதல் 3 கோடி வரை.

அதுவரை ஒவ்வொரு சங்கமும் தன் நோய்க்கு ஆராய்ச்சிப் பணம் கேட்டு மற்ற சங்கங்களோடு போட்டி போட்டுவந்தது. எல்லா நோய்க்கும் பொதுவாக ஒரு சட்டம் கேட்போம் என்று அவர்களை ஒப்புக்கொள்ள வைத்ததே பெரிய வேலை.

காலியாக இருந்த பத்திரிகையாளர் மேசை

அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா சபைக்கு வருமுன் அதற்கான குழு விசாரணை நடத்தும். சாட்சிகள் வந்து பேசுவார்கள். 1980-ல் எலிசபெத் ஹோல்ட்ஸ்மன் என்ற உறுப்பினர் அநாதை மருந்துகளுக்காக ஒரு மசோதா கொண்டுவந்தார். அதற்குக் காரணம் பொதுமக்களின் முறையீடுதான். லாஸ் ஏஞ்சலிஸ் உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மனுக்கும் தொகுதியிலிருந்து ஒரு தாய் முறையிட்டிருந்தார். டூரெட் நோயுள்ள தன் மகனுக்காக வெளிநாட்டிலிருந்து தருவித்த மருந்தைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்துவிட்டார்கள் என்பது அவர் புகார். வாக்ஸ்மன்தான் சுகாதாரத் துணைக்குழுவின் தலைவர். அந்த இளைஞரே விசாரணைக்கு வந்து சாட்சி சொன்னார்.

அன்று பத்திரிகையாளர்கள் அநேகமாக யாரும் வரவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழில் மட்டும் செய்தி வெளியானது. அதைப் படித்தவர்களில் ஒருவர் மாரிஸ் க்ளக்மன். அவருக்கே ஓர் அரிய வகைப் புற்றுநோய் இருந்தது. அவருடைய தம்பி ஜாக் க்ளக்மன், ‘குவின்சி’ என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரில் மருத்துவராக நடித்துவந்தவர். மாரிஸ் அந்தத் தொடரில் எழுத்து வேலை பார்த்தார். அநாதை மருந்து பற்றியே ஒரு பகுதி எழுதப்பட்டு, 1981 மார்ச்சில் ஒளிபரப்பானது. அதே மாதம் வாக்ஸ்மன் குழு மறுபடி விசாரணை நடத்தியபோது ஜாக் க்ளக்மன் நேரில் வந்து சாட்சி சொன்னார். இந்தமுறை கேமராக்கள் நிறைந்திருந்தன.

நடிகர் வந்ததால்தான் சட்டம் வந்தது என்று சிலர் சுருக்கிச் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. கேமரா திரும்பிய நேரத்தில், எந்த நோய்க்கு எந்த மருந்து எங்கே நின்றுபோயிருக்கிறது, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், சட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்ற விவரமெல்லாம் சங்கங்களிடம் தயாராக இருந்தது. அது இல்லாவிட்டால் ஒரு வாரப் பரபரப்போடு முடிந்திருக்கும்.

அடுத்த தடை செனட் சபை. அங்கே சுகாதார மசோதாக்களைக் கவனித்த குழுவின் தலைவர் யூட்டா மாநிலத்தின் ஆரின் ஹாட்ச். அவருக்குச் சில பிரிவுகளில் ஒப்புதல் இல்லை, மசோதா நகரவில்லை. 1982-ல் ‘குவின்சி’ தொடரில் இரண்டாவது பகுதி வந்தது. நோயாளிகளின் மசோதாவை ஒரு செனட்டர் தடுத்து வைத்திருப்பதுதான் கதை. அதில் வரும் ஆர்ப்பாட்டக் காட்சியில் நூற்றுக்கணக்கான உண்மையான நோயாளிகளும் குடும்பத்தினரும் கலந்துகொண்டார்கள். வெளியே கடிதங்கள் குவிந்தன. உள்ளே பேச்சுவார்த்தை நடந்தது. யூட்டாவுக்கு அருகே நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் கதிர்வீச்சால் புற்றுநோய் வந்திருக்குமா என்று கணக்கிட அரசு அட்டவணை தயாரிக்க வேண்டும் என்ற பிரிவும் அதே மசோதாவில் சேர்ந்தது. ஹாட்ச் தம் தொகுதி மக்களுக்காகக் கேட்டது அது. இப்படிக் கொடுத்து வாங்கித்தான் சட்டங்கள் பிறக்கின்றன. 1983 ஜனவரி 4 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்டார்.

சட்டம் என்ன சொன்னது

அநாதை மருந்துச் சட்டம் நிறுவனங்களுக்கு மூன்று சலுகைகள் தந்தது. மனிதர்களிடம் நடத்தும் சோதனைச் செலவில் பாதிக்கு வரிக் கழிவு. ஆராய்ச்சிக்கு அரசு மானியம். எல்லாவற்றுக்கும் மேலாக, அனுமதி பெற்ற மருந்தை அதே நோய்க்கு 7 ஆண்டுகள் வேறு யாரும் விற்க முடியாத தனி உரிமை. எது அரிய நோய் என்பதற்கு 1984-ல் ஓர் எண் நிர்ணயித்தார்கள்: அமெரிக்காவில் 2,00,000 பேருக்கும் குறைவாக இருந்தால் அது அரிய நோய். 1984-லேயே பிமோசைடு மாத்திரைக்கு அங்கே அனுமதி கிடைத்தது.

பலன் கண்கூடு. அதன்பின் வந்த நான்கு பத்தாண்டுகளில் 600-க்கும் மேற்பட்ட மருந்துகள் இந்தச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்றிருக்கின்றன. ஜப்பான் 1993-லும் ஐரோப்பிய ஒன்றியம் 2000-லும் இதே மாதிரியில் விதிகளைக் கொண்டுவந்தன. ஐரோப்பாவில் தனி உரிமை 10 ஆண்டுகள்.

கையெழுத்துக்குப் பிறகுதான் உத்தியோகம்

சட்டம் வந்ததும் பலர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். 1983-லேயே அந்தச் சங்கங்கள் கூடி நிரந்தரமான அமைப்பு ஒன்றைத் தொடங்கின. தேசிய அரிய நோய்கள் அமைப்பு என்று பெயர். சுருக்கமாக நார்ட். ஆபி மையர்ஸ் அதன் தலைவரானார். கனெக்டிகட்டிலேயே அலுவலகம். 2008-ல் ஓய்வு பெறும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அமெரிக்காவில் இன்று இது ஒரு தனித் தொழில். மருத்துவமனைகளும் மருந்து நிறுவனங்களும் நோயாளர் அமைப்புகளும் ‘அரசுத் தொடர்பு’ என்ற பெயரில் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கின்றன. என்ன வேலை என்றால், வரப்போகும் மசோதாவை வரி வரியாகப் படிப்பது, அதில் ஒரு சொல் மாறினால் எத்தனை நோயாளிகள் விடுபட்டுப் போவார்கள் என்று பார்ப்பது, எந்தக் குழுவில் யார் முடிவெடுக்கிறார் என்று தெரிந்துவைப்பது, ஒரு தாய் தன் கதையை ஐந்து நிமிடத்தில் குழுமுன் சொல்லப் பயிற்சி தருவது, சட்டம் வந்தபின் அதற்கான விதிகளை அதிகாரிகள் எழுதும்போது கூடவே இருப்பது. கடைசியில் சொன்னது யாருக்கும் தெரியாத வேலை. சட்டத்தில் கிடைத்ததை விதியில் இழந்துவிடுவது எல்லா நாட்டிலும் நடப்பதே.

மையர்ஸ் இதையெல்லாம் செய்துதான் கற்றுக்கொண்டார். சட்டத்தைத் தாண்டியும் ஒரு காரியம் அவர் காலத்தில் நடந்தது. மருந்து வாங்க முடியாத நோயாளிகளுக்கு நிறுவனங்கள் இலவசமாகத் தரும் மருந்தை, நிறுவனம் தன் விருப்பப்படி கொடுக்காமல், வெளியிலிருக்கும் ஓர் அமைப்பு தகுதி பார்த்துப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை நார்ட் 1987-ல் தொடங்கியது.

மருந்து வந்தது, விலையும் வந்தது

சங்கடமான பகுதி இனிமேல்தான். சட்டம் நிறுவனங்களுக்குத் தனி உரிமை தந்தது. விலைக்கு எந்தக் கட்டுப்பாடும் வைக்கவில்லை. போட்டிக்கு ஆள் இல்லாத 7 ஆண்டுகளில் விலை என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். குடியிருப்புக்குள் ஒரே ஒரு தண்ணீர் கேன் விற்பனையாளரை மட்டும் அனுமதித்துப் பார்த்தவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள்.

1991-ல் கோஷே நோய்க்கு மருந்து வந்தது. உடலில் ஒரு நொதி இல்லாததால் கொழுப்புப் பொருள் தேங்கி, மண்ணீரலும் கல்லீரலும் வீங்கி, எலும்பு நொறுங்கும் நோய் அது. அந்த நொதியைப் பிரசவத்தில் கழியும் நஞ்சுக்கொடிகளிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஒரு நோயாளியின் ஓராண்டு மருந்துக்கு ஆயிரக்கணக்கான நஞ்சுக்கொடிகள் தேவைப்பட்டன. விலை ஆண்டுக்கு லட்சக்கணக்கான டாலர். தயாரிப்பே கடினம் என்று காரணம் சொன்னார்கள். 1994-ல் அதே நொதியைச் செல்களை வளர்த்துத் தயாரிக்கும் முறை வந்தது. நஞ்சுக்கொடி தேவையில்லை. விலை மட்டும் இறங்கவில்லை.

தான் போராடிக் கொண்டுவந்த சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று மையர்ஸே பேச வேண்டிய நிலை வந்தது. ஒரே காலத்தில் மருந்தை உருவாக்கிய இரு நிறுவனங்கள் உரிமையைப் பகிர்ந்துகொள்ளட்டும், நோயாளிகள் எண்ணிக்கை 2,00,000-ஐத் தாண்டிவிட்டால் தனி உரிமை முடியட்டும் என்ற திருத்தங்களை வாக்ஸ்மன் கொண்டுவந்தார். 1990-ல் இரு சபைகளும் திருத்த மசோதாவை நிறைவேற்றின. அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திடவில்லை. நிறுவனங்களின் ஊக்கம் குறைந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். பத்தாண்டுக்கு முன் காலியாக இருந்த மேசையைச் சுற்றி இப்போது நிறுவனங்களின் ‘அரசுத் தொடர்பு’ ஆட்கள் நின்றார்கள். நோயாளிகள் கண்டுபிடித்த வழியை அவர்கள் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தார்கள்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். லாம்பர்ட் ஈட்டன் என்ற அரிய தசைச் சோர்வு நோய்க்கு ஒரு பழைய மருந்தை நியூஜெர்சியின் ஒரு சிறிய குடும்ப நிறுவனம் பல ஆண்டுகள் இலவசமாகவே கொடுத்துவந்தது. 2018-ல் வேறொரு நிறுவனம் முறைப்படி சோதனை செய்து, அநாதை மருந்து உரிமை பெற்று, ஆண்டுக்கு 3,75,000 டாலர் என்று விலை வைத்தது. சட்டப்படி எல்லாம் சரி.

இன்னொரு கேள்வியும் உண்டு. நோயாளிகளுக்காகப் பேசும் அமைப்புக்கு யார் பணம் தருகிறார்கள்? அமெரிக்காவில் நார்ட் உட்பட பல அமைப்புகள் மருந்து நிறுவனங்களிடமிருந்தும் நன்கொடை பெறுகின்றன. ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்பதில் இருவர் நலனும் ஒன்று. விலை குறைய வேண்டும் என்பதில் ஒன்றில்லை. நன்கொடை தருபவரைப் பார்த்து ‘உங்கள் விலை அநியாயம்’ என்று சொல்லும் துணிவு எல்லாருக்கும் வராது. மையர்ஸ் விலைகளை வெளிப்படையாகவே கண்டித்தார். ஓய்வுக்குப் பின் 2016-ல் எழுதிய புத்தகத்திலும் அதை விடவில்லை. அவருடைய முப்பது ஆண்டுகளில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுவது இதுதான். சட்டத்தைப் பெற்றவர் அதன் புகழில் குளிர்காயாமல், அதன் குறைகளையும் தன் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்.

நம் நாட்டில்

அதே கோஷே நோய் 2014-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஒரு ரிக்‌ஷா தொழிலாளியின் குழந்தைக்கு அந்த நொதி மருந்தை இலவசமாகத் தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. தொடர்ந்து பல பெற்றோர்கள் நீதிமன்றம் போனார்கள். மத்திய அரசு 2017-ல் ஒரு கொள்கை வகுத்தது, 2018-ல் நிறுத்தி வைத்தது, மறுபடி எழுதி 2021 மார்ச்சில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையாக வெளியிட்டது. முதலில் 20 லட்சம் ரூபாய் என்று இருந்த உதவி உச்சவரம்பை 2022-ல் 50 லட்சம் ஆக்கினார்கள். 16 கோடிக்கு 50 லட்சம் எம்மாத்திரம் என்று தோன்றும். வாழ்நாள் முழுதும் தேவைப்படும் மருந்துகளுக்கும் அது சில மாதங்களில் தீர்ந்துவிடக்கூடிய தொகை. ஆனால் கொள்கை என்ற ஒன்றே இல்லாத காலத்தோடு ஒப்பிட்டால், பெற்றோர்கள் பிடித்து ஏற ஒரு படி கிடைத்திருக்கிறது.

நம் நாட்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் 2019-ல் வந்தன. இந்தியாவில் 5 லட்சம் பேருக்கு மேல் போகாத நோய்க்கான மருந்து அநாதை மருந்து என்று அவை வரையறுக்கின்றன. அமெரிக்கச் சட்டத்தின் 2,00,000 என்ற எண்ணின் தம்பி இது.

நடைமுறைக்குப் பயன்படும் ஒரு தகவலோடு முடிக்கிறேன். தேசியக் கொள்கையின் கீழ் சிகிச்சையும் நிதி உதவியும் குறிப்பிட்ட சில உயர் சிறப்பு மையங்கள் வழியாகவே கிடைக்கும். நோயாளியின் பெயரும் அங்கேதான் பதிவாக வேண்டும். சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை அப்படியொரு மையம். உறவில், தெரிந்த வட்டத்தில், அல்லது நம் வீடுகளில் வேலை செய்பவர்களின் குடும்பத்தில், பெயர் தெரியாத நோய் என்று ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைபவர்கள் இருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சோதனை முடிவுகளையும் பழைய மருத்துவச் சீட்டுகளையும் ஒரே ஃபைலில் அடுக்கித் தரவும், அதே நோய்க்கான பெற்றோர் குழுவைத் தேடிச் சேர்த்துவிடவும் நம்மால் முடியும். அடுத்தமுறை வாட்ஸ்அப்பில் அப்படியொரு செய்தி வரும்போது 500 ரூபாயோடு, குழந்தையின் பெயரைப் பதிவு செய்துவிட்டார்களா என்றும் ஒரு வார்த்தை கேட்போம். பதிவில் இல்லாத குழந்தை, எந்த அரசாங்கத்தின் கணக்கிலும் நோயாளி ஆகாது.